டாஹோ ஏரியை முழுச்சுற்று நடப்பது: மைல் கணக்கைவிடத் தண்ணீர்க் கணக்கு முக்கியம்

அமெரிக்காவின் டாஹோ ஏரியைச் சுற்றிய மலைமுகட்டில் செல்லும் டாஹோ ரிம் ட்ரெயிலை ஜூலையில் முழுச்சுற்று நடக்கப் போகிறேன், நாளுக்கு 13 மைல் வீதம் பிரித்து 13 நாள் திட்டம் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் திசையில் போவது, எவ்வளவு தண்ணீர் தூக்குவது, பியர் கேனிஸ்டரில் (கரடி திறக்கமுடியாத சாப்பாட்டு டப்பா) எத்தனை நாள் சாப்பாடு கொள்ளும், பர்மிட் எப்படி என்பவை உங்கள் கேள்விகள். 13 நாள் என்பது நல்ல கணக்கு. ஆனால் அதைச் சரிசமமாகப் பிரித்ததைக் கலைத்துவிடுங்கள். இந்தப் பாதையில் ஒவ்வொரு இரவும் எங்கே படுப்பது என்பதை முடிவுசெய்வது தண்ணீர்தான். மேற்குப் பாதி முழுக்க ஏரிகள், ஓடைகள். வடக்கும் கிழக்கும் வறண்ட முகடு. வரைபடத்தைப் பார்க்கும்போது நடுவில் அவ்வளவு பெரிய ஏரி கிடப்பதால் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். பாதை பெரும்பாலும் ஏரி மட்டத்திலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் அடி மேலே ஓடுகிறது. பார்க்கலாம், குடிக்க முடியாது.

முதலில் பாதையின் அளவுகள். கலிஃபோர்னியா, நெவாடா இரண்டு மாநிலங்களிலும் செல்லும் இந்தச் சுற்றுப்பாதையின் நீளம் 165 மைல் என்று நெடுநாளாகச் சொல்வார்கள். இடையிடையே செய்த மாற்றங்களையும் இணைப்புகளையும் சேர்த்தால் கூடுதலாகவே வரும். 270 கிலோமீட்டர் (சுமார் 168 மைல்) என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,225 அடி. பாதையின் தாழ்ந்த இடம் ஏரியின் வடமேற்குக் கரை ஊரான டாஹோ சிட்டி, ஏறத்தாழ ஏரி மட்டம்தான். உயர்ந்த இடம் வடகிழக்கில் ரிலே சிகரம், 10,338 அடி. தென்மேற்கில் ஏறக்குறைய 50 மைல் தூரம் பசிஃபிக் கிரெஸ்ட் ட்ரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையும் இதுவும் ஒரே பாதை. 1984இல் வெட்டத் தொடங்கி 2001இல் சுற்றை முடித்தார்கள். பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு. அதனால் ஏற்றங்கள் சீரானவை, முழங்காலை உடைக்கும் செங்குத்து குறைவு. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

திசைக்கு வருவோம். ஜூலைத் தொடக்கம் என்றால் டாஹோ சிட்டியில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில், அதாவது வடக்கே ஏறிக் கிழக்கு வழியாகப் போங்கள். காரணம் இரண்டு. வறண்ட பக்கத்தின் சிறு ஊற்றுகளும் குட்டைகளும் பருவத் தொடக்கத்தில்தான் உயிரோடு இருக்கும். ஆகஸ்ட் பாதியில் பல காய்ந்துவிடும். மேற்கே டெசொலேஷன் வில்டர்னெஸ் என்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் டிக்ஸ் கணவாயின் (9,380 அடி) வடசரிவில் பனி நிறைய விழுந்த ஆண்டுகளில் ஜூலை நடுவரைகூடப் பனி கிடக்கும். பத்து நாள் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தால் அது கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு ஒரு விலையும் உண்டு, பர்மிட் பகுதியில் சொல்கிறேன். செப்டம்பரில் போகிறவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. பனியும் இருக்காது, ஊற்றும் இருக்காது, எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

இனி தண்ணீர். கீழே சொல்லும் தூரங்கள் ஒரு மைல் முன்பின் இருக்கலாம். புறப்படுகிற வாரத்தில் அண்மையில் நடந்தவர்கள் எழுதும் நீர்நிலைக் குறிப்புகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டாஹோ சிட்டியை விட்டால் நம்பி நிற்கக்கூடிய முதல் நீர் வாட்சன் ஏரி, பன்னிரண்டு பதின்மூன்று மைல். முதல் நாள், முழு மூட்டை, ஏற்றம், போதாததற்கு நான்கு லிட்டர் தண்ணீர். இதனால்தான் முதல் நாள் விடிந்ததும் புறப்படச் சொல்கிறேன். வாட்சன் ஏரி ஆழமற்றது, கோடையில் வெதுவெதுப்பாகி வண்டல் கலங்கியிருக்கும். தண்ணீரை மொண்டவுடன் ஃபில்டரில் ஏற்றாதீர்கள். ஒரு பையில் நிரப்பி இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் மேல்தண்ணீரை மட்டும் கைக்குட்டை வழியாக ஊற்றி, பிறகு ஃபில்டர் செய்யுங்கள். இல்லாவிட்டால் பையைப் பிழிந்து வடிகட்டும் ஸ்குவீஸ் வகை ஃபில்டரின் வேகம் ஒரே நாளில் பாதியாகிவிடும். பின்னோக்கி அலசும் சிரிஞ்சை எடை மிச்சம் என்று வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வாட்சன் ஏரியிலிருந்து பிராக்வே சம்மிட் சாலை ஆறேழு மைல். அங்கே தண்ணீர் இல்லை. அதன்பின் கிரே ஏரி வரை இன்னும் ஒன்பது மைல் அளவு. ஆக ஒரே மூச்சில் பதினைந்து மைலுக்குமேல் வறட்சி, பெரும்பாலும் நிழல் குறைந்த முகடு. கிரே ஏரி முதன்மைப் பாதையைவிட்டுச் சற்று இறங்கும் கிளையில் இருக்கிறது. சுற்றி மீண்டும் பாதையோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டாம் இரவுக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. மறுநாள் ரிலே சிகரம். மரங்கள் வளரும் உயர எல்லைக்கு மேலே நீண்ட திறந்த முகடு, தண்ணீர் கிடையாது, ஒதுங்க இடமும் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமின்னல் வருவது இங்கே வழக்கம். மதியத்துக்குள் முகட்டைக் கடந்து கலீனா அருவிப் பக்கம் இறங்கிவிட வேண்டும். பதினொரு மணிக்கே மேகம் கோபுரமாக எழும்பத் தொடங்கினால் மேலே ஏறாமல் மரங்களுக்குள்ளேயே காத்திருங்கள். முகட்டில் இருக்கும்போது இடிச் சத்தம் கேட்டால் சிகரத்தை மறந்து இறங்குங்கள். தனிமரத்தடியிலும் பாறைப் பொந்திலும் ஒதுங்காதீர்கள்.

மவுண்ட் ரோஸ் சாலைக்கு அருகே ஒரு முகாம் மைதானம் இருக்கிறது. மூன்றாம் இரவுக்கு அது சரி. டாஹோ மெடோஸிலிருந்து அடுத்த நம்பகமான நீர் மார்லெட் பீக் முகாமின் கைப்பம்பு, சுமார் 13 மைல். நடுவே ட்வின் லேக்ஸ் என்று வரைபடம் காட்டும். வருடம் முன்னேற அவை சேறாகிவிடும், அவற்றை நம்ப வேண்டாம். கைப்பம்பு சில பருவங்களில் பழுதாகியும் கிடந்திருக்கிறது. பழுது என்றால் மாற்று, கீழே இறங்கி மார்லெட் ஏரி. அந்த ஏரியின் தண்ணீரை 1870களில் குழாய்வழியே பள்ளத்தாக்கைக் கடத்தி வர்ஜீனியா சிட்டி என்ற வெள்ளிச் சுரங்க ஊருக்குக் கொண்டுபோனார்கள். கிழக்குக் கரையின் பழைய காடுகளும் அந்தச் சுரங்கங்களுக்குத்தான் வெட்டப்பட்டன. இன்று நிழல் தருபவை பெரும்பாலும் அதன்பின் வளர்ந்த மரங்கள்.

இந்தப் பகுதி நெவாடா மாநிலப் பூங்காவுக்குள் வருவதால் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. குறித்த முகாம்களில் மட்டுமே. 13 மைல் கணக்கு வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு விழும் அடி இதுதான்: கால் ஓய்ந்துவிட்டது, முகாம் இன்னும் மூன்று மைல். இன்னொன்று, டாஹோ மெடோஸுக்கும் டனல் கிரீக்குக்கும் இடையே இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும் சைக்கிள்களுக்கு அனுமதி. ஒற்றைப்படைத் தேதியில் அந்தத் துண்டைக் கடக்கும்படி நாளை நகர்த்த முடிந்தால் நிம்மதியாக நடக்கலாம்.

மார்லெட் முகாமுக்குப் பிறகு வருவதுதான் முழுச்சுற்றின் கடினமான வறட்சி. ஸ்பூனர் சம்மிட் வரை பத்து மைல், அங்கிருந்து கிங்ஸ்பரி வரை சுமார் 13 மைல். நடுவே தண்ணீர் வேண்டுமானால் பாதையைவிட்டு விலகி ஸ்பூனர் ஏரிக்குப் போய்வர வேண்டும். போய்வாருங்கள், அந்த விலகலை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்கள்தான் மறுநாள் தலைவலியோடு கிங்ஸ்பரிக்கு வருகிறார்கள். ஸ்பூனரில் ஆறு லிட்டர் நிரப்பி, பூங்கா எல்லைக்கு வெளியே நாலைந்து மைல் ஏறி, தண்ணீரில்லா முகாம் போடுங்கள். ஆறு லிட்டர் எதற்கு என்றால்: அன்று மாலை ஏற்றத்துக்கு ஒன்றரை, இரவுச் சமையலுக்கும் குடிக்கவும் ஒன்றரை, காலைக்கு அரை, மறுநாள் எட்டு ஒன்பது மைலுக்கு இரண்டரை. வெயிலில் ஏற்றம் ஏறும்போது மணிக்கு முக்கால் லிட்டர், சமதளத்தில் அரை லிட்டர் என்ற அளவில் உங்கள் உடம்பை வீட்டுப் பக்கத்திலேயே சோதித்துவிட்டு வந்தால் இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். கிங்ஸ்பரி பக்கம் எட்ஜ்வுட் ஓடையில் மீண்டும் தண்ணீர்.

அதன்பின் கவலை குறைகிறது. கிங்ஸ்பரியின் தெற்குப் பாதைமுனையிலிருந்து ஒன்பது மைல் அளவில் ஸ்டார் ஏரி, சுமார் 9,100 அடி உயரத்தில். தெளிந்த தண்ணீர், நல்ல குளிர். அங்கிருந்து ஏறும் கணவாயில் மூட்டையை வைத்துவிட்டு ஃப்ரீல் சிகரத்துக்குப் போய்வரலாம். போக ஒரு மைல், 10,881 அடி, டாஹோ படுகையின் உச்சி அதுதான். மூட்டையை வைத்தாலும் கேனிஸ்டரைப் பூட்டி வையுங்கள். அந்த உயரத்து அணில்கள் ஜிப்பை அரை மணியில் கடித்துத் திறந்துவிடும். பிக் மெடோ, ரவுண்ட் ஏரி, ஷவர்ஸ் ஏரி, எக்கோ ஏரிகள், அலோஹா, சூசி, வெல்மா என்று அதன்பின் ஒவ்வொரு சில மைலுக்கும் நீர். இங்கே இரண்டு லிட்டருக்குமேல் தூக்குவது வீண் சுமை. தொல்லை கொசு. ஜூலையில் டெசொலேஷன் ஏரிக்கரைகளில் தலையை மூடும் கொசுவலை இல்லாமல் சாப்பிட முடியாது. கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, இன்னும் சற்று மேலே காற்றாடும் பாறைத் திட்டில் போட்டால் கொசுவும் குறையும், விடியலில் டென்ட்டின் உட்புறம் நனைவதும் குறையும்.

பர்மிட். முழுப் பாதைக்கும் ஒரே அனுமதிச்சீட்டு என்று எதுவும் இல்லை. டெசொலேஷன் வில்டர்னெஸில் இரவு தங்க பர்மிட் வேண்டும். மே கடைசி வார இறுதி தொடங்கி செப்டம்பர் 30 வரை எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்தப் பகுதியை 45 மண்டலங்களாகப் பிரித்து, முதல் இரவு எந்த மண்டலம் என்பதைக் கொண்டு ஒதுக்குகிறார்கள்; இரண்டாம் இரவிலிருந்து எங்கும் நகரலாம். கடிகாரச் சுற்றுக்கு நான் சொன்ன விலை இங்கே வருகிறது: பத்தாம் நாள் எந்தத் தேதியில் எக்கோ ஏரியில் இருப்பீர்கள் என்பதை இப்போதே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கிங்ஸ்பரியில் ஒரு நாளைச் சும்மா வைத்திருங்கள். முன்னால் தாமதமானால் அது ஈடுகட்டும், தாமதமாகாவிட்டால் கால் ஆறும். முதல் மண்டலத்தையும் எக்கோவுக்கு நெருக்கமாகத் தேர்ந்தெடுங்கள். அலோஹா எல்லோரும் கேட்பதால் சீக்கிரம் நிரம்பும், தவிர பிக் மெடோ பக்கமிருந்து வருகிற நாளில் அலோஹா வரை போவது அதிகம். கலிஃபோர்னியா பக்கம் கேஸ் அடுப்புக்குக்கூட கேம்ப்ஃபயர் பர்மிட் வேண்டும். இலவசம், இணையத்தில் சில நிமிடங்களில் எடுக்கலாம். டெசொலேஷனில் விறகுத்தீ அறவே கூடாது. மற்ற இடங்களிலும் கோடையில் தடை வரும். அப்போதெல்லாம் மூடும் வால்வுள்ள கேஸ் அடுப்புதான் பொதுவாக ஏற்கப்படுகிறது. ஆல்கஹால் அடுப்பைக் கொண்டுவராதீர்கள்.

கேனிஸ்டர். டெசொலேஷனில் 2022 ஜூலையிலிருந்து கரடி திறக்கமுடியாத கேனிஸ்டர் கட்டாயம். கறுப்புக் கரடிகள் சுற்று முழுக்க உண்டு, ஆகவே முதல் நாளிலிருந்தே அதில்தான் சாப்பாடு. மரத்தில் கட்டித் தொங்கவிடுவதெல்லாம் டாஹோ கரடிகளிடம் செல்லாது. பியர்வால்ட்டின் பெரிய அளவு, பிவி500, 11.5 லிட்டர் கொள்ளும், வெறும் எடையே ஒரு கிலோவுக்குமேல். நாளுக்கு 700 கிராம், அடர்த்தியான உணவு என்று எடுத்தால் ஆறு நாள், அழுத்தி அடுக்கினால் ஏழு.

ஏழாம் நாளை உள்ளே கொண்டுவருவது அடுக்கும் முறைதான். ஃப்ரீஸ்-ட்ரை (உறையவைத்து உலர்த்திய) உணவின் உறையில் ஊசியால் ஒரு துளை போட்டுக் காற்றை வெளியேற்றி, துளைமேல் டேப் ஒட்டுங்கள். அல்லது எல்லாவற்றையும் ஜிப் பைகளுக்கு மாற்றுங்கள். கடைசி நாள் சாப்பாடு அடியில், இரண்டாம் நாளுடையது மேலே. டார்ட்டியாக்களை (சப்பாத்தி போன்ற ரொட்டி) டப்பாவின் சுவரை ஒட்டி வளைத்துச் சொருகுங்கள். நடுவில் விழும் இடைவெளிகளில் தளர்வாகக் கட்டிய கொட்டைப் பருப்புப் பைகள் தாமாக வழிந்து உட்காரும். முதல் நாள் மதியமும் இரவும் சாப்பிடுவது கேனிஸ்டருக்குள் போகத் தேவையில்லை. படுக்கும்போது மிச்சம் இருப்பது மூடிக்குள் அடங்கினால் போதும். எல்லோரும் மறப்பது மணமுள்ள மற்ற பொருள்களை: பற்பசை, சன்ஸ்க்ரீன், உதட்டுக் களிம்பு, சாப்பாட்டுக் குப்பை. இவற்றுக்கு ஒரு லிட்டர் இடம் முதலிலேயே ஒதுக்குங்கள். குப்பை நாளுக்கு நாள் பெருகும், ஆனால் சாப்பாடு அதைவிட வேகமாகக் குறையும். இரவில் டென்ட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி, சமமான இடத்தில் வையுங்கள். சரிவிலோ நீரோரத்திலோ வைத்தால் கரடி திறக்காது, உருட்டிவிடும். காலையில் அது ஏரிக்குள் கிடக்கும். விளிம்பில் கயிறு கட்டாதீர்கள், அதைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். டாஹோ சிட்டியிலிருந்து கிங்ஸ்பரி வரை ஆறு நாள், அங்கே சாலை வழியாகக் கீழே ஸ்டேட்லைன், சவுத் லேக் டாஹோ கடைகளுக்கு இறங்கி மீண்டும் ஏழு நாளுக்கு. நடுவே எக்கோ ஏரிக்கரைக் கடையை முழுச் சாப்பாட்டுக்கு நம்பித் திட்டமிட வேண்டாம். அகப்பட்டால் குளிர்ந்த பானம், அவ்வளவுதான். கேஸ்: அரை லிட்டர் கொதிக்க ஏறக்குறைய ஏழு கிராம். நாளுக்கு இருமுறை என்றால் 15 கிராம், காற்றுக்கும் குளிருக்கும் கொஞ்சம் சேர்த்து 230 கிராம் சிலிண்டர் ஒருவருக்கு 13 நாள் காணும். காற்றுத்தடுப்பு இல்லாமல் முகட்டில் சமைத்தால் காணாது.

ஃபில்டரைப் பற்றி இன்னொரு சொல். ஆகஸ்டில்கூட மேலே சில இரவுகளில் தண்ணீர் உறையும். உள்ளே ஈரம் பட்ட ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் அதன் நுண்குழாய்கள் வெடித்திருக்கலாம். வெளியே எந்த அடையாளமும் தெரியாது, தண்ணீர் வழக்கம்போல வரும், வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா நுண்ணுயிரியும் சேர்ந்து வரும். உதறி, ஜிப் பையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில் வைத்துத் தூங்குங்கள். உறைந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் தூக்கி எறியுங்கள். மாற்றாகத் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் குளோரின் டையாக்சைடு மாத்திரை ஒரு அட்டை எடை தெரியாது, எடுத்து வாருங்கள். ஸ்லீப்பிங் பேக்கும் உறைநிலைக்குக் கீழே நாலைந்து டிகிரி தாங்குவதாக இருக்கட்டும்.

கால். கிழக்குப் பாதை கிரானைட் பாறை சிதைந்து விழுந்த கரகரப்பான மணல். அது ஷூ வாய்வழியாக உள்ளே போய்க் காலுறைக்குள் உரசி மூன்றாம் நாளே கொப்புளம் எழுப்பும். ஷூ வாயை மூடும், கணுக்கால் வரையிலான லேசான துணி உறை (கெய்ட்டர்) இதை முக்கால்வாசி தடுக்கும். மதியச் சாப்பாட்டில் ஷூவையும் காலுறையையும் கழற்றி உதறி, காலைத் துடைத்து, உலர்ந்த மறுஜோடி போடுங்கள். ஓரிடம் சூடாக உணர்ந்த அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த ஓய்விடம் வரட்டும் என்று நடந்தால் ஒட்டுவதற்குத் தோல் இருக்காது.

வழி தவறும் இடங்கள் இரண்டு. ரவுண்ட் ஏரியிலிருந்து மேற்கே வந்து மீஸ் மெடோவில் பசிஃபிக் கிரெஸ்ட் ட்ரெயிலைத் தொடும்போது வலப்பக்கம், வடக்கே திரும்ப வேண்டும். இடப்பக்கம் போனால் கார்சன் கணவாய். பார்க்கர் கணவாய்க்குப் பிறகு ட்வின் பீக்ஸ் அருகே இரண்டு பாதைகளும் பிரியும். நமது பாதை வலப்பக்கம் வார்ட் கிரீக்கை நோக்கி இறங்கும். ஐம்பது மைல் ஒரே குறியைப் பார்த்துப் பழகிய கண் அங்கே நேராகப் போய்விடும்.

கடைசியாக, தீயும் புகையும். 2021இல் கால்டோர் காட்டுத்தீ எக்கோ சம்மிட்டைத் தாண்டிப் படுகைக்குள் இறங்கியது. அந்தப் பக்கத்தில் கருகி நிற்கும் மரங்களின் கீழ் டென்ட் போடாதீர்கள், காற்றில்லாத இரவிலும்கூட. ஆகஸ்ட், செப்டம்பரில் தொலைவில் எங்கோ எரிந்தாலும் புகை இந்தக் கிண்ணத்துக்குள் வந்து தங்கும். நல்லவேளையாகப் பாதையைச் சாலைகள் பல இடங்களில் வெட்டுகின்றன: பிராக்வே, மவுண்ட் ரோஸ், ஸ்பூனர், கிங்ஸ்பரி, பிக் மெடோ, எக்கோ சம்மிட், பார்க்கர் கணவாய். இவற்றில் பார்க்கர் ஊரிலிருந்து ஒதுங்கிய மலைச்சாலை, அங்கே வண்டி கிடைப்பது கடினம். எக்கோவுக்கும் பார்க்கருக்கும் நடுவே முப்பது மைலுக்குமேல் வெளியேறும் சாலையே குறுக்கிடாது. நடுவில் கிழக்கே இறங்கும் கிளைப்பாதைகள்தான். எனவே கணுக்கால் சுளுக்கு, காய்ச்சல், அடர்ந்த புகை எதுவாக இருந்தாலும், தொடர்வதா நிறுத்துவதா என்பதை எக்கோவிலேயே முடிவுசெய்யுங்கள். அங்கிருந்து சவுத் லேக் டாஹோவுக்கு நெடுஞ்சாலை இருக்கிறது.